அசல் கேசட் வாங்கியவர்கள்

முதல் கேசட்காரர் என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேட வேண்டாம். பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையில், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், அலுவலகத்துத் தேநீர் மேசையில், சில சமயம் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே பனியனோடு உட்கார்ந்திருக்கும். பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். வீட்டுக் கடன், முழங்கால் வலி, பிள்ளைகளின் மதிப்பெண் என்று எதைப் பற்றியும் நம்மைப் போலவே பேசும். ஆனால் யாருடைய கைபேசியிலாவது ஒரு பழைய பாட்டின் முதல் இரண்டு வரி கேட்டுவிட்டால் போதும். பேச்சு நிற்கும். தலை பின்னால் சாயும். கண்கள் மின்விசிறியில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த வாக்கியம் வரும்.

"நான் வாங்கின மொத கேசட்டு என்ன தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். தெரியும் என்றும் சொல்லிவிடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே தண்டனைதான்.

அந்தக் கதைக்கு என்று ஓர் இலக்கணம் இருக்கிறது. முதலில் பசி. கேசட் வாங்கியவர் எவரும் அந்தக் காலத்தில் மதியம் சாப்பிட்டதில்லை. சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து, பேருந்துக் காசை மிச்சம் பிடித்து, நடந்தே பள்ளிக்குப் போய், நடந்தே திரும்பி, காலும் வயிறும் தேயத் தேயச் சேர்த்த காசை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு அவர் கடை வாசலில் நின்றிருப்பார். அடுத்து மழை. அன்றைக்குக் கட்டாயம் மழை பெய்திருக்கும். கேசட்டைச் சட்டைக்குள் வைத்து மறைத்து, தான் மட்டும் நனைந்து வந்திருப்பார். அடுத்து பென்சில். நாடா சிக்கிக்கொண்டால் கேசட்டின் ஓட்டைக்குள் பென்சிலை விட்டுச் சுற்றுவோம் என்பதை, அணுவைப் பிளந்தவர் ஆய்வுக்கூடத்தை நினைத்துப் பேசுவதைப் போலப் பேசுவார். "பென்சிலுக்கும் கேசட்டுக்கும் என்ன சம்பந்தம்னு இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெரியுமா?" என்பார். தெரியும் ஐயா. நீங்கள்தான் வாரம் தவறாமல் சொல்கிறீர்களே.

கவனித்துப் பாருங்கள், அவர் கேசட் வாங்கிய வயது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும். கல்லூரியில் படிக்கும்போது என்று தொடங்கியது, பத்தாம் வகுப்புக்கு இறங்கி, இப்போது மூன்றாம் வகுப்பில் நிற்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தொட்டிலிலிருந்து இறங்கிப் போய் வாங்கி வந்ததாகச் சொல்வார். வயது குறையக் குறைய ரசனை கூடும். மூன்றாம் வகுப்புப் பையன், மற்ற பையன்கள் எல்லாம் கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருந்தபோது, கடைக்காரரிடம் போய் நல்ல வாத்திய இசையாக ஒன்று கேட்டிருக்கிறான். நம்ப வேண்டும். நம்பவில்லை என்றால் உங்களுக்கு இசை தெரியாது.

உண்மையில் எவருக்கும் முதல் கேசட் அப்படி அமைவதில்லை. துணி சோப்போடு இலவசமாக வந்த கேசட், ஒல்லியாவது எப்படி என்று ஒரு பெண்மணி ஒன்று இரண்டு எண்ணுகிற கேசட், பக்கத்து வீட்டு மாமா வேறு ஊருக்குப் போகும்போது விட்டுப்போன நகைச்சுவை நாடகக் கேசட், இப்படித்தான் ஏதாவது ஒன்று இருந்திருக்கும். அதை யார் வெளியே சொல்கிறார்கள்? முதல் கேசட் என்பது வாங்கியது அல்ல, பிற்பாடு நிதானமாக யோசித்துத் தேர்ந்தெடுப்பது.

இன்னொன்று. இந்த இனத்தில் எல்லாரும் அசல் வாங்கியவர்கள். கம்பெனி அட்டை, கம்பெனி முத்திரை, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் தாள். ஒருவர்கூட நகல் வாங்கியதில்லை. நல்லது. ஆனால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எல்லாரும் அசலே வாங்கியிருந்தால், தெருமுனையில் ஒரு கேசட்டிலிருந்து பத்து கேசட்டுக்குப் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாரே ரெக்கார்டிங் கடைக்காரர், அவர் மாடி வீடு கட்டியது எப்படி?

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது என் நண்பனின் கல்யாணப் பேச்சு.

நண்பனும் நானும் ஒரே அலுவலகம். அவன் விரும்பிய பெண் மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் புறப்பட வேண்டும். அதற்குள் கல்யாணத்தைப் பதிவு செய்தால் கணவன் என்ற முறையில் இவனும் கூடப் போகலாம். தவறினால் இவன் இங்கே, அவள் அங்கே, நடுவில் ஒரு கடல். நண்பனின் அம்மா வந்து பார்த்துச் சம்மதம் சொல்லியாகிவிட்டது. பெண்ணின் அம்மாவும் சரி என்றுவிட்டார். அப்பாக்கள் இருவரும் சந்தித்துத் தலையாட்டுவது மட்டும்தான் பாக்கி.

அங்கேதான் இடித்தது. பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், ஆனால் முதல் கேசட்காரர். வருகிறவன் குடிக்கிறானா, சம்பாதிக்கிறானா என்றெல்லாம் கேட்க மாட்டார். "நீங்க வாங்கின மொத ஆல்பம் என்ன தம்பி?" என்று கேட்பார். பதிலை வைத்து ஆளை எடை போட்டுவிடுவார். இதற்கு முன் ஒரு பையன் வந்து, அப்பாவியாக, "ரிங்டோன்தாங்க மொதல்ல டவுன்லோட் பண்ணேன்" என்று சொல்லியிருக்கிறான். குடும்பம் ஒத்துவராது என்று பதில் போய்விட்டது.

ஆகவே பெண் முந்தின நாளே என் நண்பனைப் பிடித்துத் தயார் செய்தாள். நானும் கூட இருந்தேன்.

"நீ மொதல்ல வாங்கினது என்ன? உண்மையச் சொல்லு."

"கம்ப்யூட்டர் புக்கோட ஒரு சிடி ஃப்ரீயா வந்துச்சு. அதுல ரெண்டு பாட்டு இருந்துச்சு. மிச்சம் எல்லாம் டைப்பிங் பாடம்."

அவள் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தாள்.

"இத மட்டும் எங்கப்பாகிட்ட சொன்ன, நான் தனியாதான் பிளேன் ஏறணும். நான் சொல்றத அப்படியே சொல்லு. எங்கப்பாவுக்கு உசுரு பச்சை அட்டை. நான் ஒண்ணும் வாங்கல மாமா, எங்கப்பா வெச்சிருந்த பச்சை அட்டையக் கேட்டுத்தான் வளர்ந்தேன்னு சொல்லு. அடக்கமாவும் இருக்கும், அவருக்கும் குளிர்ந்துரும்."

பச்சை அட்டை என்பது ஒரு பாடகியும் ஒரு புல்லாங்குழல்காரரும் சேர்ந்து வெளியிட்ட ஆல்பம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் அதை அசல் வாங்கியதாகக் கடிதம் எழுதுவீர்கள்.

யோசனை நல்ல யோசனைதான். அதில் ஒரு சிறு குறை. என் நண்பனின் அப்பாவும் முதல் கேசட்காரர் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. பெற்ற மகனுக்கே தெரியாது. ஏனென்றால் அவர் ஊர் ஊராக நிலம் அளக்கப் போகிற சர்வேயர். தன் புராணத்தை எல்லாம் வெளியூர்த் தேநீர்க் கடைகளிலேயே இறக்கிவைத்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது வெறும் மனிதராக வந்துவிடுவார்.

மறுநாள் சாயங்காலம் பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். சர்வேயர், நண்பன், துணைக்கு நான். எதிரே கண்ணாடிக்காரர். பெண்ணின் அம்மா தேநீரும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். பெண் கதவோரம் நின்றாள். சுவர் அலமாரியில் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் கேசட்டுகள் முதுகைக் காட்டி வரிசையாக நின்றன. அவற்றை ஓட்டுவதற்கு அந்த வீட்டில் ஒரு கருவியும் கிடையாது. இருந்த ஒன்றும் எப்போதோ உயிரை விட்டிருந்தது.

கண்ணாடிக்காரர் மேலும் கீழும் பார்த்தார். முதலில் மாட்டியது நான்.

"நீங்க வாங்கின மொத ஆல்பம் என்னங்க?"

"மெமரி கார்டுங்க. கடைக்காரரே ஏத்திக் குடுத்தாரு."

அவர் முகத்தைச் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான் என்று சொல்லி மானத்தை மீட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அவர்தான் முதல் பட்டத்தைக் கேட்கவில்லையே.

"தம்பி, நீங்க?"

நண்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தான். "நான் ஒண்ணும் வாங்கல மாமா. எங்கப்பா வெச்சிருந்த பச்சை அட்டையக் கேட்டுத்தான் வளர்ந்தேன்."

கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்தது. ஒரு விநாடிதான். அதற்குள் சர்வேயர் மகனைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேசட்டைப் பற்றி மகனிடம் வாயே திறந்ததில்லை. ஆனாலும் இப்படி ஒரு கூட்டத்தில், இப்படி ஒரு வாய்ப்பு, தானாக மடியில் வந்து விழும்போது எந்த முதல் கேசட்காரரால் சும்மா இருக்க முடியும்? அவர் தலை பின்னால் சாய்ந்தது. கண்கள் மின்விசிறிக்குப் போயின.

"மூணாம் கிளாஸ் படிக்கிறப்ப வாங்கினேன்," என்றார். "அன்னைக்குன்னு பாருங்க, செம மழை."

"மழையா?" என்றார் கண்ணாடிக்காரர். குரலில் ஈரமே இல்லை. "நீங்க வாங்கினது அசலா?"

"பின்ன? கம்பெனி கேசட்டு."

"இருக்காதுங்களே. அந்த ஆல்பம் அசல் நம்ம பக்கம் வந்ததே ஒண்ணுதான். கடைக்காரரே என் கையப் புடிச்சுச் சொன்னாரு. அது என்கிட்டதான் வந்துச்சு."

"ஒண்ணுதான் வந்துச்சுன்னு என்கிட்டயும் சொன்னாரு. குடுத்தது எனக்கு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லலையே, சம்பந்தி."

"இன்னும் சம்பந்தி ஆகலைங்க."

கூடத்தில் பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது. அது நான்தான்.

நண்பனின் முகம் வெளுத்துவிட்டது. கதவோரம் நின்றவள் கண்ணாலேயே அவனைக் குத்தினாள். யோசனை சொன்னது தான் என்பது அவளுக்கு அப்போது நினைவில் இல்லை. பெரியவர்கள் இருவரும் அட்டைப் படத்துக்குப் போய்விட்டார்கள். அட்டையில் ஒரு பறவை உண்டாம். அது வலப்பக்கம் பார்க்கிறது என்றார் ஒருவர், இடப்பக்கம் என்றார் மற்றவர். இரண்டு வளர்ந்த ஆண்கள், ஒருவர் ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர், மற்றவர் அங்குலம் பிசகாமல் நிலம் அளக்கிறவர், ஒரு பறவையின் கழுத்தை ஆளுக்கொரு பக்கம் திருகிக்கொண்டிருந்தார்கள். பெண் பொறுக்க முடியாமல் கைபேசியில் படத்தைத் தேடி எடுத்து நடுவில் நீட்டினாள். பறவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு கண்ணாடிக்காரர், தோற்றவர்கள் எடுக்கிற அந்தக் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"சரிங்க. நாங்க யோசிச்சுட்டுச் சொல்லி அனுப்புறோம்."

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரிங்டோன் பையனுக்கும் முதலில் இதைத்தான் சொன்னார்கள். சர்வேயர் செருப்பைத் தேடுகிற மாதிரி காலால் துழாவினார். நண்பன் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பாதியில் நின்றான்.

"அப்பா," என்றாள் பெண். "போறவங்களுக்கு அந்தப் பாட்டையாவது போட்டு அனுப்பலாம்." ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு கேட்டேன். நேரம் கடத்தத்தான் என்றாள். அதற்குமேல் ஒரு யோசனையும் அவளிடம் மிச்சம் இல்லையாம்.

கைபேசியைச் சின்ன ஸ்பீக்கரில் இணைத்துப் பச்சை அட்டையின் பெயர்பெற்ற மூன்றாவது பாட்டைப் போட்டாள். சுத்தமான, கம்பெனி வெளியிட்ட, ஒரு தூசி இல்லாத பதிவு. பாட்டு தொடங்கியதும் இரண்டு பகையாளிகளும் பழக்கதோஷத்தால் கண்ணை மூடிக்கொண்டார்கள். இரண்டு தலைகளும் ஒரே தாளத்துக்கு ஆடின. பல்லவி முடிந்தது. புல்லாங்குழல் தனியாக மேலே ஏறியது, ஏறி, ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றது. அந்தச் சிறு மௌனத்தில், கண்ணைத் திறக்காமல், ஆனந்தமாக, கண்ணாடிக்காரர் முணுமுணுத்தார்.

"ஏங்க, தண்ணி வந்துருச்சு."

கண்ணைத் திறக்காமலே சர்வேயர் முடித்துவைத்தார்.

"பக்கெட்ட எடுங்க."

புல்லாங்குழல் மறுபடி தொடங்கியது. நான்கு கண்களும் திறந்துகொண்டன.

சமையலறையிலிருந்து பெண்ணின் அம்மா ஓடி வந்தார். "தண்ணி வந்துருச்சா? இந்த நேரத்துலயா?"

ஸ்பீக்கரில் அப்படி ஒரு வரி வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கம்பெனிப் பாட்டில் யாரும் யாரையும் பக்கெட் எடுக்கச் சொல்லவில்லை. பெண்ணின் அம்மாதான் முதலில் பிடித்தார்.

"அட, அந்தப் பாட்டா? கல்யாணமான புதுசுல டேப்புல போட்டுக் காட்டுவாரு. நடுவுல ஒரு பொம்பள தண்ணி வந்துருச்சுன்னு சொல்லும். இது என்னங்கன்னு கேட்டா, அது மனுஷனோட தாகத்துக்குக் குறியீடு, உனக்குப் புரியாதும்பாரு."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார், துடைத்தார், அந்த வீட்டில் அவ்வளவு சுத்தமான கண்ணாடி வேறு இருந்திருக்காது.

"அது எங்க அண்ணி," என்றார் சர்வேயர் மெதுவாக.

"யாரு?"

"தண்ணி வந்துருச்சுன்னது. எங்க அண்ணன் யார்கிட்டயோ ஒரு நாளைக்குன்னு அசலக் கேட்டு, அட்டை இல்லாம வெறும் கேசட்ட மட்டும் வாங்கிட்டு வந்தான். ரெண்டு டேப் ரிக்கார்டருக்கும் நடுவுல போடுற ஒயரு இல்ல. கட்டில் மேல ரெண்டையும் மூஞ்சிக்கு மூஞ்சி வெச்சு, ஒண்ணுல பாட விட்டு, இன்னொண்ணுல பதிஞ்சோம். வீட்ல ஒருத்தர் மூச்சு விடக் கூடாது. நாயக்கூட வெளிய கட்டிட்டான். அண்ணிக்கு மட்டும் பொறுக்கல. நாலு நாள் கழிச்சு அன்னைக்குத்தான் குழாய்ல தண்ணி வந்துச்சு."

"திட்டலையா உங்க அண்ணன்?"

"பாட்டு முடியிற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தான். திட்டினா அதுவும் பதிஞ்சுருமே."

அந்தக் கேசட்டைத்தான் தெருமுனை ரெக்கார்டிங் கடைக்காரர் கேட்டு வாங்கிப் போய், ஊருக்கெல்லாம் பதிந்து கொடுத்திருக்கிறார். கண்ணாடிக்காரரும் கோடு போட்ட தாளில் பேனாவால் பாட்டு வரிசை எழுதிய ஒன்றை அங்கேதான் வாங்கியிருக்கிறார். அட்டையை இரண்டு பேருமே பார்த்ததில்லை. பறவைக்கு அவர்கள் செய்த கொடுமைக்கு அதுதான் காரணம்.

இப்போது நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள்? வெட்கத்தில் இருவரும் தலைகுனிந்து, இனி உண்மையே பேசுவோம் என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்றா? அப்படியானால் இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

"அப்ப," என்று கண்ணாடிக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார், "அந்த அம்மா இப்பவும் இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. போன் போடவா?"

சர்வேயர் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் "சொல்லுப்பா" என்று ஒரு குரல் வந்ததும், கண்ணாடிக்காரர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். தன் பெண்ணுக்கு வேலை கிடைத்த செய்தியைக்கூட அவர் உட்கார்ந்தபடிதான் கேட்டாராம்.

"அண்ணி, இங்க ஒருத்தர் உங்க ரசிகர். ஒரே ஒரு தடவை அந்தத் தண்ணி வந்துருச்சு சொல்லுங்களேன்."

"எதுக்கு? இப்பதான் தினம் வருதே."

"சும்மா சொல்லுங்க அண்ணி. உங்க கொழுந்தன் மகன் கல்யாணமே அதுலதான் தொங்குது."

அந்தப் பக்கத்திலிருந்து கூச்சத்தோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதே வரி வந்தது. ஏங்க, தண்ணி வந்துருச்சு, பக்கெட்ட எடுங்க. கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் பாவம் அப்படியே இருக்கிறது என்று பிறகு கருத்துச் சொன்னார்.

சம்மதம் அங்கேயே கிடைத்துவிட்டது. ஒரே நிபந்தனை, கல்யாணப் பதிவுக்கு அண்ணி கட்டாயம் வர வேண்டும், சாட்சிக் கையெழுத்து அவர்தான் போட வேண்டும். என் நண்பன் அப்போதிருந்த நிலையில் குழாயையே சாட்சியாக அழைக்கச் சொன்னாலும் ஒத்துக்கொண்டிருப்பான். அண்ணி வந்தார், போட்டார். இப்போது நண்பனும் அவளும் கடலுக்கு அந்தப் பக்கம் சேர்ந்தே இருக்கிறார்கள்.

போன வாரம் கண்ணாடி மாற்றக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர், கண்ணில் சொட்டு மருந்தோடு தப்ப முடியாமல் சாய்ந்து கிடந்தார். அவரிடம் கண்ணாடிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் மொத ஆல்பம் எல்லாரும் வாங்கின மாதிரி கடைச் சரக்கு இல்லைங்க. எங்க சம்பந்தி வீட்லயே ரெக்கார்டிங் நடந்தது. பாடினவங்கள எனக்கு நேர்லயே தெரியும்." சர்வேயரும் சும்மா இருப்பதாகத் தெரியவில்லை. தன்னிடம் இருந்தது நகலிலேயே அசல் என்றும், சம்பந்தியிடம் இருந்தது நகலின் நகல் என்றும் ஊர் ஊராக அளந்துகொண்டிருக்கிறாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, எங்கோ நடுவில், நீங்கள் வாங்கிய முதல் கேசட் எது, முதல் சிடி எது என்று யோசித்தீர்கள் அல்லவா? யோசித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. உடனே அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, இன்னொன்றை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். அந்த இரண்டாவது ஆல்பம் நல்லதுதான், மறுக்கவில்லை. அசல் என்றே வைத்துக்கொள்வோம்.

அது சரி, அன்றைக்கு மழை பெய்ததா?